சம்பந்தி வீட்டாரோடு பார்க்கலாம்

படத்தைக் கடைசிவரை பாருங்கள்.

இதைச் சொல்ல ஓய்வுபெற்ற ஒருவனைத் தேடிப்பிடித்து எழுத வைக்க வேண்டுமா என்று சினிமாப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் நினைப்பீர்கள். நீங்கள் படங்களைக் கைபேசியில், ஒன்றரை மடங்கு வேகத்தில், பாட்டுக்களைத் தள்ளிவிட்டுப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த வசதி அன்று இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆகவே உங்களைத் திட்ட வரவில்லை. என் மானம் போன கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். விருது வாங்கிய கதைகளில் தொழில் படிக்க ஒரு மண்ணும் கிடையாது.

நான் பத்திரிகையில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது ஹிந்திப் படம். தமிழ்ப் படங்களை எழுத மூத்தவர்கள் தங்களுக்குள் அடிபட்டார்கள். ஆங்கிலப் படங்களுக்குக் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் இருந்தார். ஹிந்திக்குத்தான் ஆள் இல்லை. "உமக்கு ஹிந்தி தெரியுமோ?" என்று ஆசிரியர் கேட்டார். "கொஞ்சம்" என்றேன். எனக்குத் தெரிந்தது இருபது சொல். அம்மா, மகன், காதல், கல்யாணம், குலம், மானம், சத்தியம், கடவுளே, போய்விடு, போகாதே என்று அந்தப் பட்டியல் போகும். இந்த இருபது சொற்களோடு அந்தக் காலத்து ஹிந்திக் குடும்பப் படம் எதையும் விளங்கிக்கொள்ளலாம். வசனம் எழுதியவர்களே அதற்கு மேல் பாவித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு முன் அந்தப் பகுதியை எழுதியவர் மூட்டுவலியால் தியேட்டர்ப் படி ஏற முடியாமல் விலகியவர். அவர் ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருந்தார். விமர்சனம் முடிந்த பிறகு, தடித்த எழுத்தில் ஒரேயொரு வரி வரும். படத்தை யாரோடு பார்க்கலாம் என்பதுதான் அது. "மனைவியோடு பார்க்கலாம்." "மாமியாரோடு பார்க்கலாம், பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் பார்க்கலாம்." "தனியாகப் பார்க்கலாம், வீட்டில் சொல்ல வேண்டாம்." வாசகர்கள் மேலே உள்ள எண்பது வரிகளையும் விட்டுவிட்டு நேரே அந்த வரிக்குத்தான் போவார்கள். பொறுப்பைக் கையளித்த அன்று அவர் சொன்ன புத்தி இவ்வளவுதான்:

"தம்பி, மேல நீர் என்ன பிழையும் விடலாம், ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. கடைசி வரியில மட்டும் பிழை விடாதேயும். அதை வச்சுத்தான் சனம் அலுவல் பாக்குது."

என்ன அலுவல் என்று எனக்கு மூன்று மாதத்தில் விளங்கியது. பெண் பார்க்கிற அலுவல்.

கொட்டாஞ்சேனையில் வீடுகள் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வீட்டுப் படியேறினால் ஒழுங்கை முழுவதும் சன்னலுக்கு வந்துவிடும். வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் போனால், அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பத்துப் பேர் துக்கம் விசாரிப்பார்கள். வெள்ளவத்தை மாடி வீடுகளிலும் இதே தொல்லைதான், அங்கே மாடிப்படியில் நின்று விசாரிப்பார்கள். ஆகவே புத்தியுள்ளவர்கள் தியேட்டரில் பெண் பார்த்தார்கள். இரண்டு குடும்பமும் பல்கனியில் ஒரே வரிசையில் டிக்கெட் எடுக்கும். முதல் பாதி, பழக. இடைவேளையில் விளக்கு எரியும்போது பெண் எழுந்து எல்லோருக்கும் ரோல்ஸும் ஜிஞ்சர் பியரும் கொடுப்பாள். அதுதான் பார்க்கிற நேரம். இரண்டாம் பாதி, இருட்டில் இருந்து யோசிக்க. பிடிக்கவில்லை என்றால் ஒருவருக்கும் நட்டமில்லை, படம் பார்க்க வந்தோம், பார்த்தோம், போனோம்.

அதற்கு ஏன் ஹிந்திப் படம் என்று கேட்பீர்கள். தமிழ்ப் படமென்றால் யாராவது ஒரு பாத்திரம் சீதனத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிடும். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒருவருக்குச் சுருக்கென்று தைக்கும். ஹிந்தியில் அந்த ஆபத்து இல்லை. அப்போது படத்தின் அடியில் எழுத்து எதுவும் ஓடாது. திரையில் யார் என்ன சொன்னாலும் இரண்டு பக்கமும் சமமாக அழுதுவிட்டு வரலாம்.

இதனால் என் பகுதியில் ஒரு படத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய மரியாதை, "சம்பந்தி வீட்டாரோடு பார்க்கலாம்" என்ற வரிதான். வருடத்தில் மூன்று, நான்கு படத்துக்குமேல் அதைக் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் அந்த ஞாயிறு மெட்னிப் பகல் காட்சிக்குப் பல்கனி நிரம்பிவிடும். தியேட்டர் முதலாளிகள் எனக்கு வணக்கம் வைத்தது என் தமிழுக்காக அல்ல.

இனி என் பிழைக்கு வருகிறேன். படங்கள் வெள்ளிக்கிழமை மெட்னியில் வெளியாகும். என் விமர்சனம் சனிக்கிழமைப் பத்திரிகையில் வர வேண்டும். படம் முடிந்து ஓடிப்போனால் அச்சுக்குக் கொடுக்க மட்டுமட்டாக நேரம் இருக்கும். இடைவேளையில் எழுந்துவிட்டால் வழியில் ஒரு ஹோட்டலில் பராட்டாவும் ஆட்டுக்கறியும் சாப்பிடவும் நேரம் இருக்கும். நேரமில்லை, நேரமில்லை என்று அலுவலகத்தில் சொல்லித் திரிந்தேன். உண்மையில் பசிதான் காரணம்.

மிச்சக் கதைக்குப் பாட்டுப் புத்தகம் இருந்தது. தியேட்டர் வாசலில் விற்கும் அந்தச் சிறு புத்தகத்தில் பாட்டுக்களைத் தமிழ் எழுத்தில் போட்டு, முன்பக்கத்தில் கதைச் சுருக்கமும் இருக்கும். எல்லாச் சுருக்கமும் ஒரே மாதிரித்தான் முடியும்: "மீதியை வெள்ளித்திரையில் காண்க." மீதியைக் காண எனக்குத் தேவையிருக்கவில்லை. பிரிவார்கள், அழுவார்கள், ஒருவருக்கு இருமல் வரும், கல்யாணத்தில் சேர்வார்கள். இரண்டு வருடம் அப்படியே எழுதினேன். ஒரு நாளும் பிழை வரவில்லை. அதுதான் கெடுதலாகப் போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை வந்த படத்தில், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகளும் ஒரு செல்வந்தர் வீட்டுப் பையனும் காதலிக்கிறார்கள். இரண்டு குடும்பமும் சம்மதிக்கிறது. மாமியாராக வரப்போகிறவள் பெண்ணுக்குத் தன் கையால் வளையல் போடுகிறாள். இடைவேளைக்கு முன் நிச்சயதார்த்தமும் முடிந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிப் போனது. எழுந்து போய்ப் பராட்டா சாப்பிட்டுவிட்டு, கடைசியில் தடித்த எழுத்துக்குக் கோடு கீறி எழுதிக் கொடுத்தேன்: "சம்பந்தி வீட்டாரோடு பார்க்கலாம்."

சனிக்கிழமை மத்தியானம் அச்சுக்கூடத்துப் பக்கம் போனேன். அப்போது எழுத்துக்களை ஒவ்வொன்றாக ஈயத்தில் கோர்த்துத்தான் பத்திரிகை அடித்தார்கள். கோர்ப்பவர்களுக்குத் தலைவராக இருந்தவரை நாங்கள் எல்லோரும் மாஸ்டர் என்போம். அதிகம் பேசாத மனிதர். என் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே மனிதரும் அவர்தான். மனைவி இல்லாதவர். கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை கொண்ட ஒரு சொந்த வீடு, துறைமுகக் கந்தோரில் தட்டெழுத்து வேலை செய்யும் ரெஜினா என்று ஒரு மகள், அவ்வளவுதான் அவருடைய உலகம். அன்று அவர் என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு சிரிப்பு.

"தம்பி, உம்மட கடைசி வரியைக் கோர்க்கேக்கயே முடிவெடுத்திட்டன். நாளைக்கு மெட்னிக்கு ரெண்டு பகுதிக்கும் டிக்கெட் எடுத்தாச்சு."

"ஆருக்கு, மாஸ்டர்?"

"எங்கட ரெஜினாவுக்குத்தான். வெள்ளவத்தைப் பகுதி. பெடியன் நல்ல பெடியன், மெயின் வீதியில புடவைக் கடையில கணக்கு. முந்தி ரெண்டு இடம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மறுமொழி சொல்லாமல் போனது உமக்குத் தெரியும்தானே. மூண்டாவது தரமும் அப்பிடிப் போனா இனிப் பேச வேண்டாம் எண்டு பிள்ளை சொல்லிப் போட்டாள். நல்ல காலத்துக்கு நீர் இந்தப் படத்தை எழுதினீர்."

நான் "நல்லது மாஸ்டர்" என்றேன்.  வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு படத்தின் இரண்டாம் பாதியில் என்ன இருக்கிறது என்று அறிய வேண்டும்போல் இருந்தது. அன்றே மாலைக் காட்சிக்கு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, அந்த இரண்டாம் பாதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மணமேடை. தாலி கட்டப் போகும் நேரம். மாப்பிள்ளையின் தகப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுக்கிறான். வீடு என்ற சொல் என் இருபதில் உண்டு, வாத்தியார் தன் வீட்டை எழுதித் தர வேண்டுமாம். வாத்தியார் தலைப்பாகையைக் கழற்றி அவன் காலடியில் வைத்துக் கெஞ்சுகிறார். மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பெண் எழுகிறாள், மாலையைக் கழற்றுகிறாள், மாப்பிள்ளையிடம் ஏதோ ஒன்று சொல்லுகிறாள், சபையை வெட்டிக்கொண்டு வெளியே போகிறாள். அவள் சொன்னதில் என் இருபது சொல்லில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கீழே மலிவு டிக்கெட் கலரியில் இருந்தவர்கள் எழும்பி நின்று விசிலடித்தார்கள். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் அவள் அவனில்லாமல் தாயோடு வாழ்கிறாள். சம்பந்தி வீட்டாரோடு பார்ப்பதற்கு இதைவிட மோசமான ஒரு படத்தை எந்த நாட்டிலும் எடுத்திருக்க முடியாது.

படம் முடிந்ததும் நேரே படம் ஓட்டுகிற அறைக்கு ஏறினேன். படம் ஓட்டுகிறவர் ஒரு சிங்கள மனிதர், என்னைத் தெரிந்தவர். நாளை மெட்னியில் மட்டும் அந்த மணமேடை ரீலை விட்டுவிட்டு ஓட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிஸ்ஸுத மாத்தயா?" என்றார். பைத்தியமா என்று கேட்டது நியாயம்தான். பிறகு, இரக்கப்பட்டு, ஒரு சோடாவும் தந்தார்.

ஒரே வழி உண்மையைச் சொல்வதுதான் என்று தீர்மானித்து, ஞாயிறு காலைப் பூசைக்கு மாஸ்டரின் கோயிலுக்கே போனேன். பூசை முடிந்து வாசலில் நின்றார். புதுச் சட்டை. ரெஜினா பக்கத்தில் நின்றாள். முப்பதை நெருங்கிய பெண், இலேசில் சிரிக்க மாட்டாள், பார்வை மட்டும் கூர்மை. மாஸ்டர் எதிர்ப்பட்ட ஒருவரிடம் என்னைக் காட்டி, "இவர்தான் அதை எழுதுறவர். இவர் சொன்னா நம்பிப் போகலாம்" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "மாஸ்டர், நான் பாதிப் படம்தான் பார்த்தேன்." ஐந்தே சொல். திறக்கவில்லை. பதிலாக என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நானும் கூட வாறன், மாஸ்டர். ஹிந்தி விளங்காதவைக்குப் பக்கத்தில இருந்து சொல்லித் தாறன்."

மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. என் திட்டம் இலேசானது. கதை மோசமென்றால் கதையை மாற்றிச் சொல்வது. அங்கே ஒருவருக்கும் ஹிந்தி தெரியாது என்பதுதான் முழு ஏற்பாட்டின் அத்திவாரம்.

பல்கனியில் என்னை நடுவில் இருத்தினார்கள். என் இடப்பக்கம் மாஸ்டர், அப்பால் ரெஜினா. வலப்பக்கம் மாப்பிள்ளையின் தாய், தாய்மாமன், கடைசியில் ஜெயசீலன் என்ற அந்த மாப்பிள்ளை. தாய் பருத்த, அன்பான மனுசி. திரையில் யார் தும்மினாலும் "என்ன சொல்லுறான், தம்பி?" என்று கேட்பார். தாய்மாமன் குரலைச் செருமிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர். முதல் பாதி முழுவதும் நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இடைவேளையில் ரெஜினா ரோல்ஸ் கொடுத்தாள். மாப்பிள்ளை இரண்டு எடுத்தான். தாய் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தார். எல்லாம் பழம் நழுவிப் பாலில் விழப்போகிற மாதிரித்தான் இருந்தது.

விளக்கு அணைந்தது. மணமேடை வந்தது. கடதாசி வெளியே வந்தது.

"அது என்ன கடுதாசி, தம்பி?" என்றார் தாய்.

"கலியாணப் பதிவுக் கடுதாசி, அம்மா."

வாத்தியார் தலைப்பாகையைக் காலடியில் வைத்தார்.

"இது என்னத்துக்கு?"

"அங்கத்தை மரியாதை அப்பிடித்தான். சம்பந்தியைக் கண்டா தலைப்பாகையைக் கழட்டிக் கீழ வைக்க வேணும்."

"நல்ல பழக்கம்" என்று தாய்மாமன் தலையாட்டினார். வரிசையின் கடைசியில் யாரோ இருமுவது கேட்டது. பெண் மாலையைக் கழற்றினாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். நடந்தாள்.

"ஐயோ! எங்க போறா?"

"தாயைக் கூட்டிவரப் போறா, அம்மா. தாயில்லாமல் தாலி கட்ட மாட்டன் எண்டு சொல்லுறா."

"தாய் அங்கதானே நிண்டு அழுகிறா?"

"அது சித்தி."

ஒரு பொய்க்குச் சோறு போட்டால் அது ஒன்பது பிள்ளை பெறும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் அந்தப் பெண்ணைத் தாயைத் தேட வைத்தேன். அவள் ஒரு தையல் மெசினில் இருந்து தைத்தாள். "தாய்க்குச் சட்டை தைக்கிறா." மாப்பிள்ளை வந்து கதவைத் தட்ட, அவள் முகத்தில் அடித்ததுபோல் சாத்தினாள். "தாய் கிடைச்ச பிறகு வா எண்டு சொல்லுறா." அந்த "சித்தி" மகளுடைய மடியில் படுத்து உயிரை விட்டபோது எனக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. "பாவம், சித்தியும் போயிட்டா" என்றேன். மாப்பிள்ளையின் தாய் முந்தானையை எடுத்து அழுதார். அவருக்குப் பின்வரிசையில் இருந்தவர்களும் என் கதையைக் கேட்டு அழுதார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் படம் அந்தப் படத்தைவிட நன்றாகத்தான் ஓடியது.

வரிசைக் கடைசியில் இருமல் மட்டும் கூடிக்கொண்டே வந்தது. சித்தி செத்த இடத்தில் ஜெயசீலன் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டான். அவன் அழுகிறான் என்று நினைத்தேன். நல்ல மனசு என்று மெச்சிக்கொண்டேன். ரெஜினா திரையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் திரையில் மாப்பிள்ளை அந்தக் கடதாசியை எல்லோர் முன்னும் கிழித்தான். பெண் சிரித்தாள். "தாய் கிடைச்சிட்டா" என்று சொல்லி முடித்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தியேட்டருக்கு எதிரே ஒரு முஸ்லிம் ஹோட்டல். மேல்மாடியில் குடும்பங்களுக்கென்று திரை போட்ட அறை. பலூடா வந்தது. எனக்குப் பசிகூட எடுத்தது. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

தாய்மாமன் செருமினார். "படம் நல்லம். குடும்பப் படம். பிள்ளையையும் எங்களுக்குப் பிடிச்சிட்டுது. அப்ப, மற்ற விசயத்தையும் இதிலேயே கதைச்சு முடிப்பம். கொட்டாஞ்சேனை வீடு. அதை எங்கட பெடியன்ர பேருக்கு எழுதிப் போட்டா நல்லம். நீங்களும் அதிலேயே ஒரு அறையில இருக்கலாம்தானே, ஆர் வேண்டாம் எண்டது?"

மாஸ்டர் பலூடாக் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சரி என்று சொல்லப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. இருபத்தைந்து வருடம் ஈயத்துக்குள் நின்று கட்டிய வீடு. மூன்றாவது தரமும் மகளுக்கு மறுமொழி வராமல் போவதைவிட, சொந்த வீட்டில் அடுத்தவன் தயவில் இருக்க அவர் ஆயத்தமாக இருந்தார். தாய் கரண்டியால் கிளாசைக் கலக்கிக்கொண்டிருந்தார். ஜெயசீலன் நிலத்தைப் பார்த்தான். ஒரு மணித்தியாலத்துக்கு முன் திரையில் அந்த மாப்பிள்ளை நின்ற அதே மாதிரி.

அப்போது ரெஜினா தலையை நிமிர்த்தினாள். தாய்மாமனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேரே ஜெயசீலனைப் பார்த்துக் கேட்டாள்:

"உங்களுக்கு ஹிந்தி தெரியும்தானே?"

அவன் திடுக்கிட்டான். "ஓம். கடை முதலாளிமார் வடக்கத்தி ஆக்கள். எட்டு வருசமா அவையோட அதிலதான் கதைக்கிறனான். எப்பிடித் தெரியும்?"

"சித்தி சாகேக்க சிரிச்சனீங்கள்."

நான் இருந்த கதிரை கீழே போனால் நல்லது என்று பட்டது.

"அந்தப் பொம்பிளை தாயைக் கூட்டிவரப் போகேல்லை" என்றாள் ரெஜினா. "அந்த முகத்தோட ஒருத்தரும் ஒருத்தரையும் கூட்டிவரப் போறேல்லை. மாலையைக் கழட்டிப்போட்டு அவ உண்மையில என்ன சொன்னவ?"

ஜெயசீலன் தாயைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்:

"'அவர் கேட்டவர், என்ர அப்பா அழுதவர். உங்களுக்கும் வாய் இருக்குதானே, நீங்கள் ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?' எண்டு கேட்டவ."

 அந்தக் கேள்வி மேசையைச் சுற்றி வந்தது. அவனிடம் நின்றது. பிறகு என்னிடமும் வந்து நின்றது. காலையில் கோயில் வாசலில் எனக்கும் வாய் இருந்ததுதானே.

ஜெயசீலன் கிளாசைத் தள்ளி வைத்தான். "மாமா, வீட்டுக் கதையை விடுங்கோ. அது அவரின்ர வீடு. எனக்கு எழுத வேண்டாம்."

"டேய், படத்தில வாறதை வச்சுக்கொண்டு..."

"படத்தில வந்ததாலதான் இப்பவாவது சொல்லுறன். வராட்டி நான் பேசாமல்தான் இருந்திருப்பன்."

தாய்மாமன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். ஆனால் முதலில் வாய் திறந்தவர் தாய்தான். முந்தானையில் இன்னும் ஈரம்.

"தம்பி," என்று என் கையைப் பிடித்தார், "அப்ப அவ தாயைத் தேடவே இல்லையா?"

"இல்லை அம்மா."

"செத்தது?"

"தாய்தான்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். ஜெயசீலன் அதுவரை கைக்குட்டைக்குள் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. ரெஜினா சிரிப்பதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். தாய்மாமன்கூடச் செருமலோடு செருமலாக ஏதோ செய்தார். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மாஸ்டர் கேட்கும் முன் நானே போய்ச் சொன்னேன். இரண்டு வருடமாக இடைவேளையோடு எழும்பிப் போனதை, பராட்டாவை, பாட்டுப் புத்தகத்தை, எல்லாவற்றையும். கைகட்டி நின்றேன். அவர் எழுத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உம்மட வரி ஒவ்வொண்டையும் என்ர கையாலதான் கோர்த்தனான்" என்றார் கடைசியில். "எழுதித் தாரும். இதையும் கோர்த்துத் தாறன்."

ஆசிரியர் வேண்டாம் என்றார், பத்திரிகைக்கு மரியாதைக் குறைவு என்றார். மாஸ்டர் அவர் முன்னால் போய் ஒன்றும் பேசாமல் நின்றார். மாஸ்டர் எழுத்துக் கோர்த்தால் பத்திரிகை வரும், கோர்க்காவிட்டால் வராது. சனிக்கிழமை என் பகுதியில், தடித்த எழுத்தில் இப்படி வந்தது: "சென்ற வார விமர்சனத்தை எழுதியவர் படத்தை இடைவேளைவரையே பார்த்தார். சம்பந்தி வீட்டாரோடு பார்க்கலாம் என்றது பிழை. யாரோடும் பார்க்கலாம், கடைசிவரை இருக்கவும்." அந்த வாரம் வந்த கடிதங்களைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கம். ஆனால் அந்தப் படம் கொட்டாஞ்சேனையில் மட்டும் பத்து வாரம் ஓடியது. கலரியைவிடப் பல்கனி நிரம்பி ஓடியது.

அன்றிலிருந்து எந்தப் படத்திலும் திரைச்சீலை மூடும்வரை நான் எழும்பியதில்லை. எத்தனையோ மகா மோசமான இரண்டாம் பாதிகளைப் பட்டினியோடு பார்த்திருக்கிறேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எது வரும் என்று தெரிந்துவிட்டது போல் இருக்கும் படத்தில்தான் கட்டாயம் கடைசிவரை இருங்கள். பிழை விட்டது தெரிந்தால், மற்றவர்களுக்கு நல்லது செய்கிறேன் என்று கதையை மாற்றாதீர்கள். நான் மறைக்கப் பார்த்த அந்த ஒரு வசனம்தான் அந்த மேசைக்குத் தேவையாக இருந்தது. ரெஜினா என்னை நம்பாமல் தன் கண்ணை நம்பியதால் தப்பினாள்.

ஆறு மாதம் கழித்துக் கல்யாணம் நடந்தது. மாஸ்டர் என்னோடு வேலை விசயம் தவிர ஒரு வார்த்தை பேசாமல் இருந்த ஆறு மாதம். அழைப்பு வராது என்று இருந்தேன். வந்தது. கோயிலில் கடைசி வரிசையில் இருந்து, கடைசிப் பாட்டுவரை இருந்தேன். விருந்து முடிந்து போகும்போது வாசலில் மாஸ்டரே நின்று ஒவ்வொருவருக்கும் கல்யாணக் கேக் வைத்த சின்னப் பெட்டியைக் கொடுத்தார். எனக்கு மட்டும் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

பஸ்ஸில் ஏறி இருந்து திறந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த விருந்தாளி ஒருவர் தன் பெட்டியைத் திறந்திருந்தார், அதில் ஒரு முழுத் துண்டு. என் பெட்டியில் கத்தியால் நேராக வெட்டிய பாதித் துண்டு. மறுபாதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு தாள், மாஸ்டர் தன் கையால் எழுத்துக் கோர்த்து அடித்தது:

"மீதியை வெள்ளித்திரையில் காண்க."